பாம்பு பார்க்கப் போகிறீர்களா? முதலில் காலைப் பாருங்கள்

மழை விட்ட ராத்திரியில் பாம்பு தேடிப் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல கையுறை எங்கே கிடைக்கும்? வேண்டாம், வாங்காதீர்கள் என்றால் முகம் வாடிவிடுகிறது. அந்தக் காசுக்குக் கம்பூட்ஸ் வாங்குங்கள் என்றால், "அது வயல்ல போடறதாச்சே" என்று ஒரு பார்வை. ஆமாம், வயலில் போடுகிற அதேதான். அதைப் பற்றித்தான் இங்கே ரொம்ப நேரம் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று. தேடுவது என்று நான் சொல்வது பார்ப்பதையும் படம் எடுப்பதையும் நோட்டில் குறித்துக்கொள்வதையும்தான். பிடிப்பது வேறு சங்கதி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, காப்புக்காட்டுக்குள் கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால் ஏரிக்கரை, வயல் வரப்பு, தெரிந்தவர் தோப்பு, எஸ்டேட்டில் சொல்லிவிட்டு நடக்கிற தேயிலைத் தோட்டத்து வழி, இவையே போதும். பாம்புக்கு அங்கெல்லாம் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு கட்சி ஆட்களும் இருக்கிறார்கள். "இருளர்கள் வெறுங்காலோடதானே பாம்பு பிடிக்கிறாங்க, நமக்கு எதுக்கு இந்த வேஷம்?" என்பார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆட்கள் கையில் ஒரு கடப்பாரையும் தோளில் துணிப்பையுமாகக் கிளம்பிவிடுவார்கள் என்பது உண்மைதான். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடாவுக்கே போய் அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள், 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அவர்கள் வெறுங்காலோடு போகிறார்கள் என்பதை மட்டும் பார்க்கிறவர்கள், அந்தக் கால் எங்கே பதிகிறது என்பதைப் பார்ப்பதில்லை. மண்ணில் ஊர்ந்த தடம், பொந்து வாயில் ஒட்டியிருக்கும் சட்டைத் துண்டு, எச்சம், எலி வளையில் புதிதாகத் தள்ளிய மண் என்று சின்ன வயதிலிருந்து படித்துப் பழகிய கண் அது. நம்முடையது போனைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்து பழகிய கண். அந்த வித்தியாசத்துக்குத்தான் பூட்ஸ்.

சரி, கடி எங்கே விழுகிறது? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது, அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலானோர் கிராமத்துக்காரர்கள், வயலிலும் களத்திலும் வேலை செய்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும்தான் விழும், தெரியாமல் மிதிப்பதாலும் அருகில் கால் வைப்பதாலும். நம் மாதிரி வேண்டுமென்றே பாம்பைத் தேடிப் போகிறவர்களுக்கு இதோடு இன்னொரு இடம் சேர்ந்துகொள்கிறது: கை. காலில் கடிபடுவது பாம்பைப் பார்க்காததால், கையில் கடிபடுவது பார்த்த பிறகு. பூட்ஸால் முதலாவதைத் தடுக்க முடியும். இரண்டாவதைத் தடுக்கிற உடுப்பை இதுவரை யாரும் தைக்கவில்லை.

காலுக்கு வருவோம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வருகிற பிவிசி கம்பூட்ஸ், உரக்கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது, நம் ஊர்ச் சமவெளிக்கு அதைவிடப் பெரிய கவசம் எதுவும் தேவையில்லை. உங்கள் அளவைவிட ஒரு நம்பர் கூடுதலாக வாங்குங்கள், உள்ளே தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி போடுங்கள். கொப்புளம் வராது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறே. கண்ணாடி விரியனின் பல் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், பூட்ஸின் சுவரோ சில மில்லிமீட்டர்தான், அதனால் பல் அதைத் துளைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே கால் ஒட்டியிருந்தால் சதையில் இறங்கும், லொடலொடவென்று இடைவெளி இருந்தால் அது காற்றையும் சாக்ஸையும்தான் கடிக்கும். ஸ்டைலாகக் காலைப் பிடித்த மாதிரி இருக்கிற பூட்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பல் குட்டை, அவற்றுக்குச் சாதாரண கம்பூட்ஸே பெரிய மதில்.

உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். தேய்ந்துபோன பழைய பூட்ஸின் மேல்பகுதியை வெட்டி, கீழே கந்தல் துணியைச் சுருட்டி வைத்து, கோணி ஊசியால் ஓங்கி ஒரு குத்து. மெல்லிய மலிவு ரகம் வெண்ணெய் மாதிரி வழிவிடும், கனமான ரகத்தில் ஊசி பாதியில் நின்று கை வலிக்கும். எந்த ரகம் வாங்க வேண்டும் என்பது அப்போதே விளங்கிவிடும். (காலைப் போட்டுக்கொண்டு சோதிக்காதீர்கள். சிரிக்காதீர்கள், ஒருவர் கேட்டார்.)

நானும் முதலில் கணுக்காலோடு நின்றுவிடும் குட்டைப் பூட்ஸ்தான் வைத்திருந்தேன், லேசாக இருக்கிறதே என்று. நல்லவேளையாக அது கிழிந்து, நீளமான ஜோடி வாங்கின அடுத்த மாதமே ஓர் ஏரிக்கரையில் தவளையைக் கேமராவில் பிடிக்கக் குனிந்தபடி ஒரு அடி பின்னால் வைத்தேன், கெண்டைக்கால் பக்கம் யாரோ விரலால் சுண்டின மாதிரி "டப்" என்று ஒரு சத்தம். அப்புறம்தான் குக்கர் விசில் போடுவதற்கு முன்னால் சீறுமே, அந்த மாதிரி நீளமாக ஒரு சீறல். டார்ச்சைத் திருப்பினால் நடுத்தரக் கண்ணாடி விரியன் ஒன்று, பூட்ஸின் வெளிப்பக்கத்தில் மஞ்சளாக வழிந்த ஈரம். பழைய பூட்ஸ் முடிகிற இடத்துக்கு நாலு விரல் மேலே. அன்றைக்குத் தவறு என்னுடையதுதான், பார்க்காத இடத்தில் கால் வைத்தது. கேமராக்காரர்களுக்காகவே சொல்கிறேன்: கண் கேமராவில் இருக்கும்போது கால் அசையக் கூடாது. நகர வேண்டுமென்றால் கேமராவை இறக்கி, தரையைப் பார்த்து, அப்புறம் நகருங்கள்.

கெய்ட்டர் என்று ஒன்று உண்டு, ஷூவுக்கு மேலே கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. பாம்புக்கென்றே செய்தவற்றில் கனத்த நைலானுக்கு நடுவே பாலிகார்பனேட் தகடு வைத்திருப்பார்கள், நன்றாகவே தாங்கும். இணையத்தில் அதே பெயரில் விற்கிற பனிக்கும் சேற்றுக்குமான மெல்லிய துணிக் கெய்ட்டர் வேறு, அதை வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். தகடு இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள், "டொக்" என்று சத்தம் வர வேண்டும். இன்னொன்று, கெய்ட்டர் பாதத்தைக் காப்பாற்றாது, கீழே கணுக்காலை மூடின தோல் பூட்ஸ் இருந்தால்தான் அதற்கு அர்த்தம். கேன்வாஸ் ஷூ போட்டு மேலே கெய்ட்டர் கட்டுவது கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுகிற கதை.

பேன்ட்டைப் பொறுத்தவரை கனத்த ஜீன்ஸ், அதுவும் கொஞ்சம் தொளதொளவென்று. இது என் கற்பனை இல்லை. கலிஃபோர்னியாவில் உப்புநீர் நிரப்பிய கையுறைகளை மனிதக் கை மாதிரி வைத்து கிலுகிலுப்பை விரியனைக் கடிக்க விட்டு ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2009-இல் வெளியானது. ஜீன்ஸ் துணி போர்த்திய கையுறைக்குள் இறங்கிய விஷம் வெறும் கையுறையில் இறங்கியதைவிட மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைவு. விஷத்தில் ஒரு பகுதி துணியிலேயே கொட்டிப் போகிறது. ஆனால் வால்பாறை மாதிரி இடத்தில் மழையில் ஜீன்ஸ் நனைந்தால் அது ஒரு மூட்டை உப்பு, நடக்கவே முடியாது. அங்கே சீக்கிரம் காய்கிற பேன்ட்டும் நீளமான கம்பூட்ஸும்தான் சரி. அரைக்கால் டிரவுசரில் வருகிறவர்களை நான் கூட்டிப்போவதில்லை, எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும்.

இப்போது கை. வெல்டிங் செய்கிறவர்கள் போடுகிற தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு பாம்பைத் தொடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தை மறக்கிறார்கள். விரியனின் பல் அந்தத் தோலையும் தாண்டக்கூடியது, அதோடு தடித்த கையுறைக்குள் விரலுக்குப் பிடிமானமே தெரியாது, பாம்பை நசுக்கிவிடுவீர்கள் அல்லது நழுவ விடுவீர்கள். இதைவிட மோசமானது அது கொடுக்கிற தைரியம். வெறுங்கையாக இருந்தால் மூன்று அடி தள்ளி நிற்கிறவன், கையுறை போட்டவுடன் ஒரு அடி கிட்டே போகிறான். எந்தக் கவசம் உங்களைப் பாம்புக்குக் கிட்டே தள்ளுகிறதோ அதை வீட்டிலேயே வையுங்கள், இதுதான் நான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற அளவுகோல். முள்ளுக்காகவும் அட்டைக்காகவும் மெல்லிய தோட்டக் கையுறை போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள், பாம்புக்காக அது இல்லை என்பது ஞாபகம் இருந்தால் சரி.

கைக்கு உண்மையான கவசம் ஒரு கம்பு. நாலடி நீளம், நுனியில் எல் வடிவத்தில் வளைந்த கொக்கி, அதை ஹூக் என்றே எல்லோரும் சொல்கிறோம். அது இல்லாவிட்டால் உறுதியான மூங்கில் கழியே போதும். இலைச் சருகை ஒதுக்க, புல்லை விலக்க, மேட்டில் ஏற ஊன்ற, எல்லாவற்றுக்கும் அதுதான், கை அல்ல. கல்லையோ விழுந்த மரத்தையோ புரட்டிப் பார்ப்பதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்: நீங்கள் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கத்து ஓரத்தில் கொக்கியை மாட்டி உங்களை நோக்கித் தூக்க வேண்டும். அப்படித் தூக்கினால் கல்லே உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே கேடயமாக நிற்கும், பாம்புக்கு வழி உங்களுக்கு எதிர்த்திசையில் திறக்கும். கிட்டத்து ஓரத்தில் விரலை விட்டுத் தூக்கினால், அடியில் சுருட்டை விரியன் இருந்தால் அதன் முகத்துக்கு நேராக உங்கள் பத்து விரலையும் வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி. வறண்ட கல்லாங்காட்டில் அந்தச் சின்னப் பயல்தான் அதிகம், ஒரு சாண் ஒன்றரைச் சாண்தான் இருக்கும், வேகம் மட்டும் சொல்லி மாளாது. பார்த்து முடித்ததும் கல்லை அதே இடத்தில் அதே மாதிரி வையுங்கள், அது அடியில் இருக்கிறவர்களின் வீடு. பாம்பு இன்னும் அங்கேயே இருந்தால் அதன் மேலே போடக் கூடாது, கல்லை முதலில் வைத்துவிட்டு அதை ஓரமாக நுழைய விடுங்கள்.

மலைக்காட்டில் கைக்கு ஆபத்து தரையில் இல்லை, நெஞ்சு உயரத்தில். மேற்குத் தொடர்ச்சி மலையில் மலபார் குழிவிரியனும் மூங்கில் குழிவிரியனும் செடியிலும் பாறையிலும் சிறு மரக்கிளையிலும் அசையாமல் மணிக்கணக்கில் கிடக்கும். ஒருமுறை தேயிலைத் தோட்டத்துச் சின்னப் பாலத்தில் ஏற மதில் மேல் கையை ஊன்றப் போனேன், கூட வந்த எஸ்டேட்காரர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பாசி என்று நான் நினைத்தது பாசி இல்லை. அன்றிலிருந்து மலையில் நடக்கும்போது கம்பு இல்லாத கை பேன்ட் பாக்கெட்டில்தான். அகலமான விளிம்புள்ள தொப்பி ஒன்றும் போடுங்கள், குனிந்து புதருக்குள் நுழைகையில் கிளை முதலில் தொப்பியில்தான் படும். கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி போதும், அதுவும் முள்ளுக்காக. ஆப்பிரிக்காவில் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சும் நாகங்கள் இருக்கும் ஊரென்றால் முழுக் கண்ணாடி கட்டாயம், நம் நல்ல பாம்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்று பாட்டி சொன்னதற்கும் கண்ணாடி வேண்டாம்.

டார்ச்சைக் கவசத்தில் சேர்க்க மாட்டார்கள் பலரும். நான் பூட்ஸுக்கு அடுத்து அதைத்தான் சொல்வேன். தலையில் மாட்டுகிற ஹெட்லைட் ஒன்று, கையில் பிடிக்கிற டார்ச் ஒன்று, இரண்டுக்கும் மாற்று பேட்டரி. தலையிலிருந்து நேராக விழுகிற வெளிச்சத்தில் தரை தட்டையாகத் தெரியும், கையை இடுப்புக்குக் கீழே இறக்கி டார்ச் அடித்தால் ஒவ்வொரு சருகுக்கும் நிழல் விழும், அந்த நிழல்களுக்கு நடுவே சுருண்டு கிடப்பது தனியாகத் தெரியும். தவளைக்கும் சிலந்திக்கும் கண் பளபளக்கும், பாம்புக்கு அப்படிப் பளபளக்காது, அதனால் கண் மின்னுவதைத் தேடாதீர்கள், வடிவத்தைத் தேடுங்கள். மழை ராத்திரியில் ஹெட்லைட்டைச் சுற்றி ஈசலும் வண்டும் மூக்குக்குள்ளேயே வரும், அப்போது அதை அணைத்துவிட்டுக் கை டார்ச்சோடு நடப்பதுதான் நிம்மதி.

அட்டைக்கு நெருக்கமாக நெய்த பருத்தியில் முழங்கால் வரை வருகிற அட்டை சாக்ஸ், பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்ட வேண்டும். அது பாம்புக்கடியைத் தடுக்காது. உண்ணிக்கு வெளிர் நிறச் சட்டை, முழுக்கை, ஏறினால் கண்ணில் படும்.

யானைக்கு உடுப்பே கிடையாது. ஆனைமலைப் பக்கம் ராத்திரியில் பாம்புக்காகத் தரையையே பார்த்து நடக்கிற ஆளுக்கு முதல் ஆபத்து அதுதான். பக்கத்தில் குடியிருக்கிறவரிடம் அன்றைக்கு யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்காமல் இறங்காதீர்கள், கூட ஒருவர் தரையைப் பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டு வர வேண்டும். காதில் பாட்டு மாட்டுகிறவர்கள் வீட்டிலேயே கேட்கலாம்.

வெளியே தங்குவதாக இருந்தால் படுக்கையும் கவசம்தான். கட்டுவிரியன் ராத்திரியில் திரியும், தரையில் தூங்குகிறவர்களைக் கடிப்பதுதான் அதன் கதைகளில் பாதி. கடித்தாலும் வலி அவ்வளவாக இருக்காது, பல் தடமும் சில சமயம் தெரியாது, விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தூக்க முடியாமை என்று ஆரம்பிக்கும். ஜிப் போட்டு மூடுகிற கூடாரம், இல்லையென்றால் கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

எவ்வளவு போட்டுக்கொண்டாலும் கடிபடலாம், அதற்கும் தயாராகத்தான் போக வேண்டும். கிளம்புவதற்கு முன்னாலேயே பக்கத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனை எது, வண்டி எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்று விசாரித்து வையுங்கள். மலையில் சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும். 108-க்குக் கூப்பிட முடியாத பள்ளத்தில் நின்றுகொண்டு போனை ஆட்டிப் பிரயோசனமில்லை. கடித்துவிட்டால் பூட்ஸ், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் ஒரு கட்டையோடு சேர்த்து லேசாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். பாம்பைப் பிடித்துக்கொண்டும் போக வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு போட்டோ கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, மருத்துவர்கள் அறிகுறியைப் பார்த்தே சிகிச்சை செய்வார்கள்.

இதில் மலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இங்கே கிடைக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்காகத் தயாரானது. குழிவிரியன்கள் அந்தக் கணக்கில் இல்லை. சருகு நிறத்தில், மூக்கு நுனி மேலே தூக்கிக்கொண்டு, குட்டையாகச் சருகுக்குள்ளேயே கிடக்கிற ஒரு குழிவிரியன் கேரளத்திலும் இலங்கையிலும் சிறுநீரகத்தைப் பாழாக்கி ஆளைக் கொன்றிருக்கிறது, அதற்கென்று முறிவு மருந்து நம் மருத்துவமனைகளில் இல்லை. "குழிவிரியன்தானே, கை வீங்கும், அவ்வளவுதான்" என்று பேசுகிற சீனியர்களை நம்பிச் செருப்போடு மலையில் சருகுக்குள் இறங்காதீர்கள். மருத்துவமனைக்கு எப்படியும் போகத்தான் வேண்டும், மற்ற சிகிச்சை எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

திரும்பி வந்ததும் அலுப்பில் பூட்ஸை வாசலில் விசிறிவிட்டுப் படுப்பது எல்லோரும் செய்வது, நானும் செய்திருக்கிறேன். அடுத்த நாள் வேறு ஓடைக்குப் போவதாக இருந்தால் அப்படி விடாதீர்கள். ஒரு ஓடையின் சேறு ஒட்டின பூட்ஸோடு இன்னொரு ஓடையில் இறங்கினால் தவளைகளைக் கொல்கிற பூஞ்சையை நீங்களே சுமந்துகொண்டு போகலாம். பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் கரைத்த தண்ணீரில் அடிப்பாகத்தைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசி, நன்றாகக் காயவிடுங்கள். காய வைக்கும்போது கவிழ்த்து ஒரு குச்சியில் மாட்டுங்கள். மறுநாள் போடுவதற்கு முன்னால் இரண்டையும் தரையில் ஓங்கித் தட்டுங்கள், பாம்புக்குத் தப்பித்து வந்தவரை எங்கள் கூட்டத்தில் ஒருமுறை பூட்ஸுக்குள் இருந்த தேள் கொட்டியது.